முப்பதாம் தேதி ஏரி உடையவில்லை

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வருஷம் ஐம்பத்தைந்தா, ஐம்பத்தாறா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஏரிக்கரையில் மூன்று பனைமரங்கள் நின்றதாக எனக்கு நினைவு. நான்கு என்று அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கமிட்டியார் உட்கார்ந்தது மடக்கு நாற்காலியிலா, பிரம்பு நாற்காலியிலா என்று கேட்டால் ஒரு நாள் ஒன்று தோன்றும், மறுநாள் மற்றொன்று. நாள்பட நாள்பட நினைவு தனக்கு வசதியான சாட்சியைத்தான் சொல்லும். ஆனால் கமிட்டியின் பதிவேட்டில் என்ன எழுதியிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவ்வளவு அழகான கையெழுத்தை மறக்க முடியாது.

கும்மிடிப்பூண்டிக்கும் எளாவூருக்கும் நடுவில் ஈச்சம்பேடு. மேற்கே ஏரி. ஏரிக்கரைக்குக் கீழே சேரி, முப்பத்திரண்டு குடிசைகள். சேரிக்குக் கிழக்கே கல்கத்தா ரயில் போகும் மண் மேடு. ஊர் வடக்கே, உயரத்தில் இருந்தது. தண்ணீர் எப்போது வந்தாலும் எங்கே வரும் என்பதை முன்னோர்கள் யோசித்துத்தான் ஊரை ஓரிடத்திலும் சேரியை இன்னோரிடத்திலும் வைத்திருந்தார்கள்.

பாக்கியநாதன் அந்த ஏரிக்கு நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, அடைப்பது, கரையைக் காப்பது அவர் வேலை. அப்பன் செய்த வேலை, பாட்டன் செய்த வேலை. கூலி, அறுப்புக் காலத்தில் களத்தில் அளந்து போடும் நெல். கரையில் வெறுங்காலோடு நடந்தால் உள்ளே என்ன நடக்கிறதென்று அவர் உள்ளங்காலுக்குத் தெரியும். அந்த வருஷம் ஆவணியில், இரண்டாம் பனைக்குக் கீழே, அவர் காலுக்கு ஒரு சங்கதி தெரிந்தது. நண்டு வளைகள். கைவிட்டால் தோள்வரை போயிற்று. ஐப்பசி மழையில் ஏரி பாதி நிரம்பியதும் அந்த இடத்தில் தண்ணீர் கசிந்தது. கசிந்தது தெளிந்த தண்ணீராக இல்லை.

இதை அவர் கிராம முன்சீப் துளசிராமனிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முன்சீப் வீட்டு வாசலுக்குப் போனால் பத்தடி தள்ளி நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லலாம். கேட்காததைச் சொல்வதற்கு வழக்கமில்லை. ஏரி பற்றி ஊர்க்கூட்டம் கூடுவது கோயில் மண்டபத்தில். சட்டப்படி பாக்கியநாதன் அதற்குள் போகலாம். ஆனால் சட்டம் ஈச்சம்பேட்டில் குடியிருக்கவில்லை.

அவர் எழுந்து நின்று பேசக்கூடிய இடம் ஒன்றே ஒன்று இருந்தது. சேரிக்கு நடுவில் சுவிசேஷ ஒளி மிஷன் கட்டிய ஓட்டுக் கூரை ஜெபக்கூடம். வாசலில் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதுதான் மணி. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். நாற்பது பேர் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். பாக்கியநாதன் எழுந்தார்.

"ரெண்டாம் பனைக்குக் கீழ நண்டு வள பெருத்துப்போச்சு. தண்ணி கலங்கி வருது. கர தாங்காது. கார்த்திக பாதி தாண்டாது. ஆளுக்கு நாலு கூட களிமண்ணு தூக்கியாந்தா அடச்சிடலாம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சாட்சியை அப்படி முடிப்பது வழக்கம். பசு கன்று போட்டதைச் சொன்னாலும் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் அன்று முன்வரிசையில் மிஷன் காரியதரிசி ராஜமாணிக்கம் உட்கார்ந்திருந்தார். திருவள்ளூர் மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். சபைக் கணக்குப் பார்க்க வந்தவர். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சகோதரரே, இன்னொரு முறை சொல்லும். மெதுவாக."

ஒருவர் தன் பேச்சைத் திரும்பக் கேட்கிறார் என்ற சந்தோஷத்தில் பாக்கியநாதன் இன்னொரு முறை சொன்னார். மெதுவாக. ஸ்தோத்திரம் உட்பட.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஆந்திரப் பக்கமிருந்து ஒரு தாடிக்காரர் வந்து, சித்திரை கடைசி வெள்ளிக்கிழமை உலகம் முடியும் என்று சபை சபையாகச் சொல்லிக்கொண்டு போனார். ஜனங்கள் விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டார்கள், ஆடுகளை அடித்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. உலகம் முடியவில்லை, ஆடுகள் முடிந்திருந்தன. இந்த அவமானத்துக்குப் பிறகுதான் மிஷன், மெய்த் தீர்க்கதரிசிகளையும் பொய்த் தீர்க்கதரிசிகளையும் பிரித்தறிய ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அதன் பெயர் ஆவிகளைப் பகுத்தறியும் கமிட்டி. பதினோரு விதிகள், ஒரு பதிவேடு, ஒரு முத்திரை. மூன்று வருஷமாக அதனிடம் ஒரு தீர்க்கதரிசியும் சிக்கவில்லை. முத்திரையின் மை உலர்ந்துபோயிருந்தது.

விசாரணை கும்மிடிப்பூண்டி மிஷன் பங்களாவில் நடந்தது. தலைவர், பாதிரியார் ஜெயராஜ். காரியதரிசி ராஜமாணிக்கம். மூன்றாவது அங்கத்தினர் கிரேஸ் அம்மாள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுகிறவர். பாக்கியநாதனை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். அவர் நின்றார்.

"ஆவி உம்மிடம் எந்த வழியாகப் பேசிற்று? சொப்பனமா, தரிசனமா, சத்தமா?" என்று ராஜமாணிக்கம் கேட்டார்.

"ஆவியெல்லாம் இல்லீங்க ஐயா. நண்டு."

பேனா நின்றது. "நண்டா?"

"வயல் நண்டுங்க."

ராஜமாணிக்கம் தலைவரைப் பார்த்தார். பாதிரியார் கண்ணை மூடி யோசித்து, "பிராணியின் வாயிலாக ஆண்டவர் பேசியதற்கு முன்மாதிரி உண்டு. எழுதும்" என்றார்.

"நண்டு என்ன சொல்லிற்று?"

"அது இன்னாத்த சொல்லும் ஐயா? வள தோண்டிச்சு."

"ஒன்றும் சொல்லவில்லை?"

"இல்லீங்க."

'மௌன அடையாளம்' என்று ராஜமாணிக்கம் எழுதி, கீழே கோடு போட்டார்.

பாக்கியநாதன் கைகூப்பினார். "ஐயா, கரைக்குக் கீழ தெளிஞ்ச தண்ணி வந்தா பயம் இல்ல. கர வேர்க்குதுன்னு விட்டுடலாம். கலங்கி வந்தாதான் பயம். உள்ள மண்ணு போய்க்கினு இருக்குதுன்னு அர்த்தம். இது எங்கப்பன் சொன்னது. தீர்க்கதரிசனம் இல்லீங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது."

"மெய்யான தீர்க்கதரிசிகள் எல்லாரும் முதலில் இப்படித்தான் மறுத்திருக்கிறார்கள்" என்றார் பாதிரியார், கொஞ்சம் மரியாதையோடு.

"பொய்யர்கள் அதை அறிந்து அவர்களைப்போலவே மறுப்பார்கள்" என்றார் ராஜமாணிக்கம்.

"அதுவும் மெய்யே. இரண்டையும் எழுதும்."

அதுவரை பேசாமலிருந்த கிரேஸ் அம்மாள், "நம்ம மூணு பேரும் ஒரு எட்டு போயி அந்தக் கரையப் பாத்துட்டு வந்தா இன்னாங்க ஐயா?" என்று கேட்டார்.

பாதிரியார் ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அம்மா, நாம் போய்ப் பார்த்துவிட்டால் அது தீர்க்கதரிசனமாக இராது, தகவல் ஆகிவிடும். தகவலை விசாரிக்க இந்தக் கமிட்டிக்கு அதிகாரம் இல்லை."

பிறகு விதிகளை வாசித்தார்கள். நான்காம் விதி: தீர்ப்பு வரும்வரை சபையார் யாரும் தீர்க்கதரிசனத்தை நம்பி எந்தக் காரியமும் செய்யக் கூடாது, ஆடுகள் போனது அப்படித்தான். ஏழாம் விதி: தீர்க்கதரிசி, தான் உரைத்த பொருளின் அருகே போகக் கூடாது, போனால் அதைத் தானே நிறைவேற்றிவிடக்கூடும், அல்லது தடுத்துவிடக்கூடும். பதினோராம் விதி: சொன்னது சொன்ன நாளில், சாட்சிகள் முன்னிலையில் நடந்தால் மெய், நடக்காவிட்டால் பொய்.

"அப்ப நான் கரைக்கிப் போகக் கூடாதுங்களா?"

"கூடாது."

"நான் நீர்க்கட்டிங்க ஐயா."

"அதனால்தான் கூடாது."

"நாள்" என்று நினைவூட்டினார் ராஜமாணிக்கம். "கார்த்திகை பாதி என்றால் பதிவேடு ஏற்காது. இங்கிலீஷ் தேதி வேண்டும்." பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "நவம்பர் முப்பது. தலைவர் அவர்கள் சபைகளைப் பார்வையிட வரும் சர்க்கிள் விஜயமும் அன்றுதான். பொருத்தமாக இருக்கிறது."

"முன்னேயும் ஒடையலாம் ஐயா, பின்னேயும் ஒடையலாம். மழையப் பொறுத்து..."

"ஆண்டவர் மழையைப் பொறுத்தவர் அல்ல" என்றார் பாதிரியார்.

பாக்கியநாதனின் பெருவிரலில் மை தடவினார்கள்.

வீட்டில் ஞானம்மா கதையைக் கேட்டு முதலில் சிரித்தாள். பத்து வருஷத்துக்கு முன்பு நெல்வண்டிச் சக்கரம் ஏறி இறங்கியதில் அவளுக்கு இடது பாதம் நசுங்கிப்போயிருந்தது. நடந்தால் ஒரு காலை இழுத்துப் போடுவாள். அந்தச் சத்தத்தை வைத்தே சேரியில் எல்லாரும் அவள் வருவதைக் கண்டுகொள்வார்கள்.

"நல்லா இருக்குதுயா உங்க கமிட்டி. ஊடு பத்திக்கும்னு சொன்னவன் தண்ணி ஊத்தக் கூடாதா?"

"சிரிக்காத ஞானு. கர போனா மொத தண்ணி நம்ம ஊட்டுக்குத்தான். எல்லாரும் ரயிலு மேட்டுக்கு ஓடிடுவாங்க. நீ இன்னா பண்ணுவ?"

"நொண்டிக்கினே போவேன்."

"தண்ணி நொண்டாது."

ஞானம்மா அடுப்பைக் கிளறினாள். பிறகு அவள் சொன்னாள். "நீ போகக் கூடாதுன்னுதானே எழுதிக்கினாங்க? நான் புல்லறுக்கப் போறேன். கூடைல களிமண்ணு ஒட்டிக்கினு வந்தா நான் இன்னா பண்றது?"

மறுநாளிலிருந்து காலையில் ஒரு கூடை, சாயங்காலம் ஒரு கூடை. மேலே புல், கீழே களிமண். வைக்கோல் பிரியைச் சுருட்டி வளைக்குள் திணித்து, களிமண்ணைக் காலால் மிதித்து அடைக்க வேண்டும். நல்ல காலால் நின்றுகொண்டு நசுங்கின காலால் மிதித்தாள். பாக்கியநாதன் சேரியில் உட்கார்ந்தபடி, அந்தக் காலின் சத்தம் கரைப் பக்கம் போவதையும் திரும்பி வருவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று அதற்கு முன் அவருக்குத் தெரியாது.

முன்சீப் துளசிராமன் ஆள் அனுப்பினார். பாக்கியநாதன் போய்ப் பத்தடி தள்ளி நின்றார்.

"இன்னாடா பாக்கியம், ஏரி ஒடையும்னு உங்க கோயில்ல குறி சொன்னியாமே?"

"குறி இல்ல ஆண்ட. நண்டு வள. ஆவணிலேர்ந்து இருக்குது."

"ஆவணில எங்கிட்ட சொன்னியா?"

"நீங்க கேக்கலியே ஆண்ட."

முன்சீப் சிரித்தார். கெட்டவர் இல்லை, சிரிக்கத் தெரிந்தவர். "போன வருசம் கர மராமத்து முழுசா முடிஞ்சிதுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப ஓட்டன்னு எழுதினா தாசில்தார் யாரக் கேப்பாரு, உன்னையா? அதுவும் இது இப்ப தெய்வ வாக்கா ஆயிடுச்சு. இது மதச்சார்பில்லாத சர்க்கார்ப்பா. ஒரு மதத்துக்காரன் சொன்ன தீர்க்கதரிசனத்த நம்பி இன்னொரு மதத்துக்காரன் மண்ணு கொட்டலாமா? கலாட்டா ஆயிடும். உங்க கமிட்டி தீர்ப்பு எழுதிக் குடுக்கட்டும். நகல் வெச்சு மேல அனுப்புறேன்."

"தீர்ப்பு ஏரி ஒடஞ்ச பொறவுதான் குடுப்பாங்களாம் ஆண்ட."

"அப்ப அப்பறமே அனுப்புறேன்" என்றார் முன்சீப்.

வாரம் ஒரு நாள் பழவேற்காட்டிலிருந்து கருவாட்டு வண்டியோடு வரும் முஸ்தபாவிடம் மட்டும்தான் பாக்கியநாதன் உதவி கேட்க முடிந்தது. அவர் சபையாரும் அல்ல, ஊராரும் அல்ல. எந்த விதியும் அவரைக் கட்டாது.

"பாய், ரெண்டாம் பனைக்குக் கீழ போயி, கசியிற தண்ணி எப்டி இருக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு. தெளிவா, கலங்கலா."

முஸ்தபா மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

"டீ மாதிரி இருக்குது நைனா. பால் கொஞ்சம் தூக்கலா ஊத்தின டீ."

பாக்கியநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கள்ல கடைசி நபி வந்துட்டுப் போயிட்டாரு" என்றார் முஸ்தபா, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "இனிமே எவன் வந்து சொன்னாலும், 'செரிப்பா, நாஷ்டா பண்ணியா'ன்னு கேட்டு அனுப்பிடுவோம். கமிட்டி பேஜார் இல்ல. நீ பேசாம நான் பொய்யின்னு சொல்லிட்டு மண்வெட்டிய எடு."

அது நல்ல யோசனையாகப் பட்டது. அன்றே கும்மிடிப்பூண்டிக்கு நடந்தார். பாதிரியாரும் ராஜமாணிக்கமும் பங்களாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியநாதன் தேநீரின் நிறத்தைப் பார்த்தார்.

"ஐயா, நான் பொய்த் தீர்க்கதரிசி. ஒத்துக்கிறேன். எழுதிக்குங்க. நான் கரைக்கிப் போறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விதிகளில் இதற்கு இடம் இல்லை.

"நீர் பொய்யர் என்றால் உம்முடைய இந்த வார்த்தையை எப்படி நம்புவது?" என்று கேட்டார் ராஜமாணிக்கம்.

"மெய்யர் என்றால்?" என்றார் பாதிரியார். "ஆண்டவர் கொடுத்த வார்த்தையை மறைத்த பாவத்துக்கு நாங்களும் உடந்தை ஆவோம். மகனே, உம்முடைய அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொய் என்று தீர்ப்பதற்கும் முப்பதாம் தேதி தாண்ட வேண்டும்."

"என் பொண்டாட்டி ஓட முடியாதவ ஐயா."

"ஜெபம் செய்கிறோம்" என்றார் பாதிரியார். உண்மையாகவே செய்தார். பாக்கியநாதனை முழங்காலில் நிற்கவைத்து, தலையில் கைவைத்து, பத்து நிமிஷம். அந்தக் கை கனமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. பாக்கியநாதனுக்கு அழுகை வந்தது. அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நவம்பர் இருபதாம் தேதி ராஜமாணிக்கம் ரயிலில் கூடூர் போனார். வண்டி ஈச்சம்பேட்டு மேட்டில் ஏறியபோது ஜன்னல் வழியாக ஏரிக்கரை தெரிந்தது. கரைச் சரிவில் ஒரு நொண்டிப் பெண் கூடையைக் கவிழ்த்து மண் மிதித்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பியதும் அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. தீர்க்கதரிசனத்துக்கு இடையூறு. ஞானம்மா இனி கரையில் கால்வைத்தால் குடும்பத்தோடு சபைக்கு வெளியே. கல்லறைத் தோட்டத்திலும் இடம் கிடையாது. பாக்கியநாதன் முப்பதாம் தேதிவரை திருவள்ளூர் மிஷன் காம்பவுண்டில் இருக்க வேண்டும்.

கிளம்பும்போது ஞானம்மா அவர் துண்டில் அவல் முடிந்து கொடுத்தாள்.

"போய்ட்டு வா. நான் கரைக்கிப் போவல. செத்தா பொதைக்க எடம் வேணுமே."

"அப்டிச் சொல்லாத."

"இன்னா, எனக்கும் முத்திர குத்திடுவாங்களா?" என்று சிரித்தாள்.

திருவள்ளூரில் அவருக்கு உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்த ஓர் அறையைக் கொடுத்தார்கள். வேளைக்குச் சோறு வந்தது. இரண்டாம் நாளிலிருந்து ஆட்களும் வந்தார்கள். தன் பெண்ணுக்கு எந்தத் திசையில் மாப்பிள்ளை என்று காவல்காரர் கேட்டார். மாற்றல் உத்தரவு வருமா என்று கணக்கு வாத்தியார் கேட்டார். நான்காம் நாள் ராஜமாணிக்கமே வந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

"காரியதரிசியாகக் கேட்கவில்லை. தனிப்பட்ட முறையில் கேட்கிறேன். பள்ளி இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன். உமக்கு ஏதாவது... காட்டப்பட்டதா?"

பாக்கியநாதன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து எந்தப் பக்கமிருந்து வருது ஐயா?"

"வடகிழக்கு என்று நினைக்கிறேன். ஏன்?"

பாக்கியநாதன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜமாணிக்கம் வெகுநேரம் நின்றார். அதைச் சாதகமான பதிலாகவே எடுத்துக்கொண்டு போனார் என்று பிற்பாடு சொல்வார்கள்.

இருபத்தேழாம் தேதி பகல் முழுவதும் மழை. விட்டு விட்டுப் பெய்யும் மழையல்ல. ஒரே கனமாக, ஓசை மாறாமல் இறங்கும் மழை. பாக்கியநாதன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினால் கரை தெரிந்தது. இந்நேரம் ஏரி நிரம்பி, மிகுதி நீர் போகும் கலங்கலில் வழியும். இந்நேரம் இரண்டாம் பனையின் வேர் நனையும். இந்நேரம் பிரி ஊறி நழுவும். அவர் அந்த அறையில் செய்ததுதான் தீர்க்கதரிசனம் என்றால், அதைவிடக் கொடிய வரம் ஒரு மனிதனுக்குக் கிடைக்க முடியாது.

இருபத்தெட்டாம் தேதி காலை அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். கேட்டில் காவல்காரர், "எங்க போறீங்க? எழுதிக் குடுத்திருக்கீங்களே" என்றார்.

"ஊட்டுக்கு."

யாரும் தடுக்கவில்லை. கதவு எட்டு நாளும் பூட்டப்படவேயில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

பஸ் பெரியபாளையம் வரை போயிற்று. ஆரணியாற்றில் வெள்ளம். ஆற்றோரமாகப் போய், ரயில் பாலத்தின் மேல் ஏறி, தண்டவாளத்தோடு நடந்து, அவர் ஈச்சம்பேட்டு மேட்டை அடைந்தபோது சாயங்காலம். மேட்டின் மேல் சேரி முழுவதும் நின்றுகொண்டிருந்தது. ஆடுகள், பானைகள், குழந்தைகள். மேட்டுக்குக் கீழே குடிசைகள் இருந்த இடத்தில் டீ நிறத்தில் தண்ணீர். ஜெபக்கூடத்தின் ஓடும் வேப்பமரமும் மட்டும் தெரிந்தன.

பக்கத்து வீட்டு முத்தம்மாதான் பேசினாள்.

"மத்தியானம் மூணு மணி இருக்கும் மாமா. திடீர்னு தண்டவாளத்த அடிக்கிற சத்தம். கோயில் இல்லாத நாள்ல எவடி அடிக்கிறதுன்னு திட்டிக்கினே வந்தோம். அக்காதான் அடிச்சிக்கினு இருந்திச்சு. கரையக் காட்டி, ஓடுங்கடின்னு கத்திச்சு. கர கொழகொழன்னு உக்காந்துக்கினு இருந்தது. நாங்க புள்ளைங்கள வாரிக்கினு ஓடியாந்தோம். அடி நிக்கவே இல்ல மாமா. கடைசி ஆளு மேட்ல ஏறுற வரைக்கும் கேட்டுக்கினே இருந்திச்சு."

பாக்கியநாதன் காத்திருந்தார்.

முத்தம்மா வேப்பமரத்தைப் பார்த்தாள். தண்ணீர் மட்டும் மேட்டில் மோதிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முஸ்தபா அவளைக் கண்டுபிடித்துக் கருவாட்டு வண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். வேப்பமரத்துக்குக் கீழ்ப்பக்கம், ஈச்சம் புதரில் மாட்டியிருந்தாளாம். கையில் மணி அடிக்கும் இரும்புக் கம்பி இருந்தது. வண்டியைக் கழுவிவிட்டுத்தான் ஏற்றியதாக முஸ்தபா இரண்டு மூன்று தடவை சொன்னார். முப்பத்திரண்டு வீட்டிலும் செத்தது அவள் ஒருத்திதான். அன்றே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

நவம்பர் முப்பதாம் தேதி, ஏற்கெனவே தீர்மானித்தபடி, காலை பத்து மணிக்குக் கமிட்டி வந்தது. தண்ணீர் வடிந்திருந்தது. ரயில் மேட்டில் மூன்று நாற்காலிகள் போட்டார்கள். எதிரே கரையில், இரண்டாம் பனை இருந்த இடத்தில், நாலு வண்டி ஒரே நேரத்தில் போகுமளவுக்கு ஓர் இடைவெளி. அதன் வழியாக ஏரியின் வெறும் சேறு தெரிந்தது. கமிட்டியார் அதைப் பார்த்தபடி சாயங்காலம் ஆறு மணிவரை காத்திருந்தார்கள். ஆறு மணிக்கு ராஜமாணிக்கம் எழுதினார்: 'குறித்த நாளில் ஏரி உடையவில்லை.'

பாதிரியார் எழுந்து பேசினார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

"பிரியமானவர்களே, இரண்டு நாள்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். மனுஷன் நாளில் தவறுவான். ஆண்டவர் தவறுவாரா? இந்தத் தீர்க்கதரிசனத்தை ஏற்றுக்கொண்டால் ஆண்டவர் கணக்குத் தெரியாதவர் என்று ஏற்றுக்கொண்டதாகும். அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன். சகோதரி ஞானம்மாள் அனுமதியின்றி மணியடித்ததைக் கமிட்டி மன்னிக்கிறது. அடக்கம் தீர்ப்புக்கு முந்தியது என்பதால் அதுவும் செல்லும்."

"தேதிய நீங்கதானே ஐயா போட்டீங்க?" என்று முத்தம்மா கூட்டத்திலிருந்து கேட்டாள்.

ராஜமாணிக்கம் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "கைநாட்டு அவருடையது."

பாக்கியநாதன் அந்த நீல ரேகையைப் பார்த்தார். அவருடையதுதான். அதில் சந்தேகமில்லை. முத்திரை குத்தினார்கள். மை புதிது, நன்றாக விழுந்தது.

கிரேஸ் அம்மாள் தீர்ப்பில் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் இடத்துக்கு வேறொருவரை நியமித்தார்கள். அம்மாள் நாகலாபுரம் பக்கம் போய்த் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்று கேள்வி. முன்சீப் துளசிராமன் தீர்ப்பின் நகலை வாங்கி, ஏரி உண்மையிலேயே உடைந்திருக்கிறது, அது பொய்த் தீர்க்கதரிசனம் கிளப்பிய வதந்தி அல்ல என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினார். மராமத்துக்கு மீண்டும் உத்தரவு வந்தது, அதற்கும் அவரே கையெழுத்துப் போட்டார். ராஜமாணிக்கத்துக்கு இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. அது முன்கூட்டியே தனக்கு உணர்த்தப்பட்டதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிரியார் ஜெயராஜ் அடுத்த வருஷம் ஓய்வுபெற்று, தஞ்சாவூரில் மகன் வீட்டில் இறந்தார். முஸ்தபா பழைய வண்டியை விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கினார். ஈச்சம்பேட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. முத்தம்மாவின் பேரப்பிள்ளைகள் இப்போது ஏரி இருந்த இடத்தில் எழும்பியிருக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள்.

பொய்யரைச் சபையிலிருந்து நீக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. ஆனால் நீர்க்கட்டி வேலைக்கு வேறு ஆள் இல்லை, ஜெபக்கூடத்துச் சேற்றை வாரவும் ஆள் வேண்டியிருந்தது. ஆகவே பாக்கியநாதன் ஆராதனைக்கு வரலாம், வாய்திறக்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று. அவர் இன்னும் பதினெட்டு வருஷம் இருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடைசி வரிசையில் உட்காருவார். சாட்சி நேரம் வந்ததும் எழுந்து நிற்பார். நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருநாளும் ஸ்தோத்திரம் சொன்னதில்லை.